ஒரு பிலாவும் ஒரு நெடுஞ்சாலையும்: நெய்யாற்றின்கரைக்கு ஒருநாள் வரலாற்றுப் பயணம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தொடர்வண்டியில் செல்லும் மாணவர்களும் ஆய்வாளர்களும் நெய்யாற்றின்கரையில் இறங்குவது அரிது. அவர்களுடைய இலக்குத் தலைநகரின் ஆவணக் காப்பகமோ, பல்கலைக்கழகமோ, அருங்காட்சியகமோ ஆகும். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வருவோரும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கன்னியாகுமரிக்கும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், நெய்யாற்றின் கரையில் அமைந்த இச்சிற்றூர் இருபுறப் பயணிகளுக்கும் வழியூராகவே நின்றுவிட்டது.

வரலாற்றுச் சிற்றூர் என்றதும் கல்விப்புலத்தாரின் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தது. ரை, லட்லோ போன்ற ஊர்களில் கோட்டையும் தேவாலயமும் சந்தைத் தெருவும் நடந்து பார்க்கும் தொலைவுக்குள் அடங்கிவிடும். காலையில் இறங்கி, கையில் ஒரு வரைபடத்துடன் நடந்து, மாலையில் வண்டியேறலாம். நெய்யாற்றின்கரையின் வரலாறு அவ்வாறு ஒரு மதிலுக்குள் கிடப்பதன்று. அது ஒரு நெடுஞ்சாலையின் நீளத்திலும் ஓர் ஆற்றின் போக்கிலும் சிதறிக் கிடக்கிறது. ஆகவே இங்கே ஒருநாள் பயணத்தைத் திட்டமிடுபவர் முதலில் ஒரு வரலாற்று வினாவுக்கு விடை காண வேண்டும்: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? கோயிலில் தொடங்கிக் கோயிலில் முடித்தால் கிடைப்பது ஓர் அரசனின் வரலாறு. தெற்கு எல்லையில் தொடங்கிச் சாலையோடு வடக்கே நகர்ந்தால் கிடைப்பது வேறொரு வரலாறு. அந்தச் சாலையில் யார் நடக்கலாம், யார் ஒளிய வேண்டும், யார் வெளியேற்றப்படுவர் என்னும் வினாக்களின் வரலாறு அது. இரண்டாவது வழியே மாணவர்க்குப் பயனுடையது.

1. காலை 7 மணி: எல்லை

பயணத்தைக் களியக்காவிளையில் தொடங்குவது பொருத்தம். தமிழ்நாட்டுப் பேருந்துகளும் கேரளப் பேருந்துகளும் சந்திக்கும் இடம் அது. சில அடி தொலைவில் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. எல்லையின் இருபுறமும் பலாப்பழம் சக்கைதான். மரவள்ளிக் கிழங்கை விளவங்கோட்டுத் தமிழரும் பாறசாலை மலையாளியும் மரச்சீனி என்றே அழைக்கின்றனர். எழுத்துத் தமிழுக்கும் எழுத்து மலையாளத்துக்கும் இடையில் ஒரு கோடு கிழிக்க முடியும். இவ்வூர்களின் பேச்சில் அக்கோட்டை எங்கே கிழிப்பது என்று மொழியியலாளரும் தயங்குவர்.

இக்கோடு 1956 நவம்பர் 1ஆம் நாள் கிழிக்கப்பட்டது. அதற்கு முன் தோவாளை முதல் வடக்கே பறவூர் வரை ஒரே திருவிதாங்கூர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென் வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றைப் போலவே நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றது. மலையாளம் பேசுவோர் அவ்வட்டத்தில் பெரும்பான்மையினராக இருந்தமையால் அம்முடிவு மொழிவழிக் கொள்கைக்கு முரணானதன்று. ஆயினும் அதன் விளைவு கல்விப்புலத்தில் இன்றும் தெரிகிறது. தமிழ்நாட்டு மாணவருக்குத் தென்திருவிதாங்கூர் வரலாறு களியக்காவிளையில் முடிகிறது. கேரள மாணவருக்கு அது பாறசாலையில் முடிகிறது. ஒரே நிகழ்வின் முதற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றவரும் படிக்கின்றனர்.

இப்பிளவுக்குப் பழைய சான்றுகளும் தப்பவில்லை. களியக்காவிளைக்கு அருகே, முன்சிறையை அடுத்துள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணாக்கர்க்கு இடம் வகுத்த கல்விநிலையம் அது. அந்நிலம் இன்று தமிழ்நாட்டில் உள்ளது. அதைப் பதிவு செய்த செப்பேடோ திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியின் பெயரால் ஆய்வுலகில் அறியப்படுகிறது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதும் இவ்வகையினதே.

2. காலை 8 மணி: பாறசாலை

எல்லையிலிருந்து பேருந்தில் சில நிமிடங்களில் பாறசாலை வந்துவிடும். தெற்கிலிருந்து வரும் தொடர்வண்டிக்குக் கேரளத்தின் முதல் நிலையம் இது. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப் பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது என்பதை மாணவர் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கு முன் இப்பகுதியின் போக்குவரத்து முழுவதையும் சாலையே சுமந்தது.

பாறசாலை ஊரின் பெயர் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் அடிக்கடி தென்படுகிறது. லண்டன் மிஷன் சங்கம் இங்கே ஒரு பணித்தளத்தை நிறுவியது. ஜான் ஆப்ஸ் இங்கே நெடுங்காலம் பணியாற்றினார். திருவிதாங்கூரின் சமூக நிலையை எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் மெற்றீரும் 1859இல் வந்த பின் தொடக்கக் காலத்தை இங்கேயே கழித்தார். அவ்வாண்டின் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் நடந்த போராட்டம் 1858–59இல் உச்சமடைந்தது. தெருக்களிலும் சந்தைகளிலும் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. சிற்றாலயங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அரசு ஆணை பிறப்பித்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்பது அதன் சாரம். உரிமை வழங்கிய ஆணையே ஏற்றத்தாழ்வையும் எழுத்தில் நிறுத்தியது.

இப்போராட்டம் தமிழில் தோள்சீலைக் கலகம் என்றும் மலையாளத்தில் சான்னார் லஹள என்றும் பெயர் பெற்றது. தமிழில் எழுதப்படும் நூல்கள் கல்குளத்தையும் இரணியலையும் விரிவாகப் பேசுகின்றன. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அப்போராட்ட நிலத்தின் வடபகுதி என்பது அவற்றில் மங்கிவிடுகிறது. ஒருநாள் பயணத்தில் பாறசாலைக்கு அரைமணி நேரமேனும் ஒதுக்க வேண்டியதற்குக் காரணம் இதுவே.

3. காலை 9.30: கோயிலும் பிலாவும்

தனுவச்சபுரம், அமரவிளை ஆகிய ஊர்களைக் கடந்து நெய்யாற்றின்கரையை அடையும்போது நேரம் கருதப்பட வேண்டும். கேரளக் கோயில்களின் வழக்கப்படி நண்பகலுக்கு முன் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கப்படும். ஆண்கள் மேற்சட்டையின்றி வேட்டி அணிந்தே உள்ளே செல்லலாம். இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்திய உண்ணிக்கண்ணன் மேற்கு நோக்கி அருளும் ஸ்ரீகிருஷ்ணசாமி கோயில் இது. மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) தம் ஆட்சியின் பிற்பகுதியில் இதைக் கட்டுவித்தார்.

கோயில் வளாகத்திலேயே அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. பட்டத்துக்கு வருமுன் எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களால் துரத்தப்பட்ட மார்த்தாண்ட வர்மா இப்பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது மரபு. முதிர்ந்து பொள்ளலான அடிமரத்தின் எச்சம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பெரும்பாலான சுற்றுலாக் குறிப்புகள் நெய்யாற்றின்கரையைப் பற்றிக் கூறுவது இவ்வளவே: அரசன் ஒளிந்தான், மரம் காத்தது, நன்றியாகக் கோயில் எழுந்தது.

இக்கதையை வரலாற்று மாணவர் மூன்று கோணங்களில் கேட்க வேண்டும். முதலாவது, அரசவழிப்பட்ட மரபு. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) என்னும் மலையாளப் புதினம் இம்மரபுக்கு இலக்கிய வடிவம் தந்தது. பிற்காலத்தார் மனத்தில் ஆவணத்தைவிடப் புதினமே ஆழப் பதிந்தது.

இரண்டாவது, தோற்றவர்களின் மரபு. மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராக நின்ற முன்னரசர் ராம வர்மாவின் மைந்தர்களான தம்பிமாரைப் பற்றித் தென்திருவிதாங்கூரின் தமிழ் வில்லுப்பாட்டில் ஒரு கதைப்பாடல் உண்டு. வலிய தம்பி குஞ்சுத் தம்பி கதை என்றும் தம்பிமார் கதை என்றும் அது வழங்குகிறது. அதில் தம்பிமார் துரோகிகள் அல்லர். வஞ்சித்துக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்கள். எட்டுவீட்டாரின் முடிவும் இத்துடன் சேர்த்து நோக்கத்தக்கது. அவர்கள் தூக்கிலிடப்பட்டனர் என்றும், அவர்தம் பெண்டிர் கடற்கரை மக்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்றும் மரபு கூறும். வென்றவன் வரலாறு புதினமாகவும் கோயிலாகவும் நிலைத்தது. தோற்றவன் வரலாறு கொடைவிழாவின் வில்லிசையில் நிலைத்தது. முன்னது மலையாளத்திலும் பின்னது தமிழிலும் பதிவானமையால் ஒரு மொழி மட்டும் அறிந்த மாணவருக்கு ஒரு பக்கம் மட்டுமே கேட்கிறது.

மூன்றாவது, மரத்தைச் சுட்டிக்காட்டியவனின் மரபு. வாய்மொழி வழக்கின் சில வடிவங்களில் இளவரசனுக்கு அப்பொந்தைக் காட்டியவன் ஒரு சான்னான். வேறு சிலவற்றில் ஒரு புலையச் சிறுவன். இதற்கு ஆவணச் சான்று தேடுவது பயனற்றது. ஆனால் அடித்தட்டு மக்கள் இக்கதையில் தமக்கு ஓர் இடம் வைத்தனர் என்பதே ஒரு சான்று. அவ்விடத்தில் எழுந்த கோயிலுக்குள் அவர்களின் வழிவந்தோர் நுழைய 1936 நவம்பர் 12ஆம் நாளின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. அரசனுக்கு ஒளிவிடம் காட்டியவன் வெளியே நின்ற காலம் ஏறத்தாழ இரு நூற்றாண்டு.

4. காலை 11 மணி: சாலையில் துரத்தப்பட்டவர்

கோயிலை விட்டு வெளியே வந்ததும் நெடுஞ்சாலையருகே சற்று நிற்பது நன்று. இவ்வூரின் இரண்டாவது தப்பியோட்டக் கதை அச்சாலையில்தான் நடந்தது. இம்முறை துரத்தியது அரசு. துரத்தப்பட்டவர் இவ்வூர் மகன்.

கே. ராமகிருஷ்ண பிள்ளை 1878 மே 25 அன்று நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராக 1906இல் பொறுப்பேற்றார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியை ஊழல் என்றும் ஒழுக்கக்கேடு என்றும் தொடர்ந்து சாடினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வழக்கும் விசாரணையும் இல்லை. தலைநகரிலிருந்து தெற்கே ஆரல்வாய்மொழி எல்லையைக் கடந்து திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவ்வழியில் நெய்யாற்றின்கரையைத் தாண்டாமல் செல்ல இயலாது. மார்த்தாண்ட வர்மாவுக்கு ஒளிவிடம் தந்த ஊரின் மகனை, மார்த்தாண்ட வர்மாவின் வழிவந்த மூலம் திருநாளின் ஆணை அதே ஊர் வழியாகவே நாட்டை விட்டு வெளியேற்றியது.

சென்னையிலும் பாலக்காட்டிலும் வாழ்ந்து, 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் காசநோயால் அவர் மறைந்தார். அப்போது வயது 37. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அவர் எழுதியவற்றுள் 1912இல் வெளியான கார்ல் மார்க்ஸ் வாழ்க்கை வரலாறு இந்திய மொழிகளில் அப்பொருள் பற்றி எழுந்த மிக முற்பட்ட நூல்களுள் ஒன்று. இதழியல் பற்றிய 'விருத்தாந்த பத்ரப் பிரவர்த்தனம்' என்னும் நூலும் அவருடையதே. துணைவியார் பி. கல்யாணி அம்மா எழுதிய 'வியாழவட்ட ஸ்மரணகள்' அவர்களின் பன்னிரண்டாண்டு இல்வாழ்வைப் பதிவு செய்த நினைவு நூல்.

எனினும் ராமகிருஷ்ண பிள்ளையை முழுமையாகப் படிக்க விரும்பும் மாணவர் 1910ஆம் ஆண்டின் மற்றொரு செய்தியையும் ஒதுக்கிவிடலாகாது. புலையர் குழந்தைகளை மேல்சாதிக் குழந்தைகளுடன் ஒரே வகுப்பில் அமர்த்துவதை அதே 'சுதேசாபிமானி' தலையங்கத்தில் எதிர்த்தது. அரசனின் அதிகாரத்தை அஞ்சாது கேட்ட குரல் சாதியின் அதிகாரத்தின் முன் வேறு தொனியில் ஒலித்தது.

அதே பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தில், ஆற்றுக்கு வடக்கே, வெங்ஙானூர் உள்ளது. அய்யன்காளி 1863இல் அங்கே பிறந்தார். புலையர் பொதுச்சாலையில் நடப்பதே தடுக்கப்பட்டிருந்த காலத்தில், 1893இல், தலைப்பாகை அணிந்து வில்வண்டி ஓட்டிச் சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் சென்றபோது கலவரம் மூண்டு பள்ளி எரிக்கப்பட்டது. வயலில் வேலை நிறுத்தம் செய்தாவது பிள்ளைகளுக்குப் பள்ளி பெற வேண்டும் என்பது அவருடைய வழி. ராமகிருஷ்ண பிள்ளையையும் அய்யன்காளியையும் ஒரே வட்டத்தின், ஒரே தலைமுறையின் இரு குரல்களாகச் சேர்த்துப் படிக்கும்போதே நெய்யாற்றின்கரையின் உள்முரண் தெளிவாகிறது. பயண நேரம் இடம் தந்தால் மாலையில் வெங்ஙானூருக்கும் செல்லலாம்.

5. நண்பகல்: 1938உம் 1954உம்

பட்டம் தாணுபிள்ளை தலைமையில் 1938 பிப்ரவரியில் உருவான திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ், பொறுப்பாட்சி கோரி அவ்வாண்டு ஆகஸ்ட் 26இல் போராட்டத்தைத் தொடங்கியது. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசு அதை அடக்க முனைந்தது. உள்ளூர்த் தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளை கைதானதை அடுத்து, ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் மக்கள் திரண்டனர். படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். உயிரிழந்தவர்களுள் அத்தாழமங்கலம் ராகவன் வீரராகவன் என்னும் பெயரில் இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

இந்நிகழ்வை 1954 ஆகஸ்ட் 11 உடன் சேர்த்தே பேச வேண்டும். நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே மார்த்தாண்டத்திலும், அதை அடுத்த புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு இணையக் கோரிய மக்கள் மீது அன்று காவல்துறை சுட்டது. அப்போது திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. அவர் சார்ந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, மக்கள் மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் எனக் கோரியது இந்திய அரசியல் வரலாற்றில் தனித்துக் குறிக்கப்படும் நிகழ்வு.

பதினாறு ஆண்டு இடைவெளி, ஒரே நெடுஞ்சாலை. 1938இல் துப்பாக்கிக்கு எதிரே நின்ற இயக்கத்தின் தலைவரே 1954இல் துப்பாக்கியை உடைய அரசின் தலைவர். ஆனால் 1938 கேரளத்தின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயம். 1954 தமிழ்நாட்டின் எல்லைப் போராட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயம். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எழுதும் பாடநூல் எல்லையின் எந்தப் புறத்திலும் புழக்கத்தில் இல்லை. மாணவர் குழுவுக்கு நண்பகல் உரையாடலுக்கு இதைவிடத் தக்க பொருள் கிடைப்பது அரிது.

உணவுக்கு மரச்சீனியும் மீன்கறியும் தேர்ந்தால் அதுவும் பாடத்துக்கு உட்பட்டதே. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனிப் பயிரைப் பரப்பியவர். பஞ்சக் காலங்களில் ஏழைகளின் வயிற்றை நிரப்பிய அக்கிழங்கு இன்று எல்லைக்கு இருபுறமும் அன்றாட உணவு.

6. பிற்பகல் 2 மணி: ஆறும் அருவிப்புறமும்

அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாரில் கடலை அடையும் நெய்யாறு இவ்வூருக்குப் பெயர் தந்தது. இவ்வாற்றிலும் 1956இன் கோடு விழுந்துள்ளது. மேலே கட்டப்பட்ட நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் கொண்டுசென்றது. 2004 முதல் அந்நீர் நிறுத்தப்பட்டது. தமிழ்நாடு 2012இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. நெய்யாறு தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓடவில்லை. ஆகவே அது மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறன்று என்பது கேரளத்தின் வாதம். ஒரே அரசின் கீழ்த் திட்டமிடப்பட்ட பாசனம் இரு அரசுகளின் வழக்காக மாறியதற்கு இது எடுத்துக்காட்டு.

நகரிலிருந்து ஆற்றின் மேற்போக்கில் சில கிலோமீட்டர் சென்றால் அருவிப்புறம். நாராயணகுரு அதற்கு முன் நாகர்கோவிலுக்குத் தெற்கேயுள்ள மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தவர். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் கற்றவர். தமிழ்ச் சைவ நூல்களில் தோய்ந்து தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். தெற்கிலிருந்து வடக்கே வந்த அவ்வழியில் நெய்யாற்றங்கரைப் பாறைகளிடையே அவர் தங்கினார். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஆற்றின் ஆழத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவினார். பிராமணர்க்கே உரியதெனக் கருதப்பட்ட உரிமையை ஈழவர் குலத்தில் பிறந்த ஒருவர் எடுத்துக்கொண்டார். கேள்வி கேட்டவர்களுக்கு, தாம் நிறுவியது ஈழவச் சிவனை என்று அவர் கூறியதாக வழங்கும் மறுமொழியின் கூர்மை யாவரும் அறிந்தது. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறப்பாய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் பொருள்படும் வாசகம் அங்கே பொறிக்கப்பட்டது. அக்கோயிலைச் சுற்றி எழுந்த சிறு அமைப்பே 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதற்செயலாளர்.

காலையில் கண்ட கோயிலையும் பிற்பகலில் காணும் கோயிலையும் ஒரே நாளில் பார்ப்பதன் பயன் இங்கே தெரியவரும். இரண்டும் ஒரே ஆற்றின் கரையில் உள்ளன. இடைப்பட்ட காலம் ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. முன்னதை எழுப்பியது வெற்றி பெற்ற அரசு. பின்னதை எழுப்பியது அரசு கோயிலுக்குள் நுழையவிடாத மக்கள். எட்டு வீடுகளின் பெயர்ப்பட்டியலில் செம்பழந்தியும் வெங்ஙானூரும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிள்ளைமாரின் அதிகாரத்தைக் குறித்த அவ்விரு பெயர்களையும் இன்று கேட்பவர் முறையே நாராயணகுருவின் பிறப்பிடமாகவும் அய்யன்காளியின் பிறப்பிடமாகவும் அறிகிறார். ஊர்ப்பெயரின் பொருளை மக்கள் மாற்றிவிட முடியும் என்பதற்கு இவை சான்று.

7. மாலை 4.30: பாலராமபுரம்

பயணத்தின் கடைசி நிறுத்தம் நெய்யாற்றின்கரைக்கும் தலைநகருக்கும் இடையிலுள்ள பாலராமபுரம். அவிட்டம் திருநாள் பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பி, நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சாலியர் என்னும் நெசவாளரை அழைத்துக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் இது. குழித்தறியில் நெய்யப்படும் கசவு வேட்டியும் சேலையும் இன்று புவிசார் குறியீடு பெற்றுக் கேரளத்தின் அடையாள உடையாகத் திகழ்கின்றன. ஓணத்தன்று மலையாளிகள் உடுத்தும் அவ்வெண்ணிற ஆடையின் பின்னே தமிழ் பேசிய நெசவுக் குடும்பங்களின் இரு நூற்றாண்டு உழைப்பு உள்ளது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் காட்சியைக் காண விரும்புவோர் விடியற்காலையில் வர வேண்டும். மாலையில் வருவோர்க்குத் தறியோசை கேட்கும். விசைத்தறித் துணியின் போட்டியாலும் குறைந்த கூலியாலும் அடுத்த தலைமுறை இத்தொழிலை விட்டு விலகுவது நெசவாளரைச் சந்திக்கும் எவரும் முதலில் கேட்கும் செய்தி.

பாறசாலையில் ஆடை பறிக்கப்பட்ட பெண்களின் நினைவோடு தொடங்கிய நாள், ஆடை நெய்யும் கைகளோடு முடிவது தற்செயல். அந்தத் தற்செயலைச் சாலைதான் அமைத்துத் தருகிறது.

8. திட்டமிடுவோருக்கு

இத்திட்டத்தில் தொலைவு தடையாக இராது. களியக்காவிளைக்கும் பாலராமபுரத்துக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அருவிப்புறம் மட்டும் சாலையிலிருந்து விலகியது. நேரத்தை ஆள்வது கோயில் நடை. ஆதலால் காலை 7 மணிக்குள் எல்லையில் இருப்பது இன்றியமையாதது. குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவரும் மலையாளம் படிக்கத் தெரிந்தவரும் இடம்பெற வேண்டும். ஒரே நிகழ்வு இரு மொழிகளில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை ஒப்பிட இருவரும் தேவை. அருவிப்புறத்துச் சிவராத்திரி நாளில் கூட்டம் மிகும். வழிபாட்டு மரபை ஆய்வோர்க்கு அந்நாளும், கல்வெட்டையும் இடவமைப்பையும் ஆய்வோர்க்குப் பிற நாள்களும் ஏற்றவை.

விரைவும் தேவைப்படுகிறது. கரமனையிலிருந்து களியக்காவிளை வரையிலான நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணி கட்டம் கட்டமாக நடைபெறுகிறது. நெரிசலைக் குறைக்க அது தேவையானதே. ஆனால் பழைய சாலையின் ஓரத்தில் நின்ற கடைகளும் சுமைதாங்கிகளும் மரங்களும் எவ்விடத்தில் நின்றன என்பதைப் பதிவு செய்யும் காலம் இதுவே. அம்மச்சிப் பிலாவுக்குக் கூரையும் காவலும் உண்டு. ராமகிருஷ்ண பிள்ளை கொண்டுசெல்லப்பட்ட, 1938இல் மக்கள் திரண்ட சாலைக்கு அத்தகைய காவல் இல்லை. அதைக் காப்பது அதில் நடந்து, நின்று, குறிப்பெடுக்கும் மாணவரின் பணி.

இதே இடங்களை எதிர்த்திசையில், தலைநகரிலிருந்து தொடங்கிப் பார்த்தாலும் ஒரு நாளில் முடித்துவிடலாம். அப்போது எல்லை பயணத்தின் முடிவாகத் தோன்றும். தெற்கிலிருந்து வரும்போது அது தொடக்கமாகிறது. அதன்பின் காணும் ஒவ்வோர் இடமும் எல்லைக்கு முந்தைய ஒரே நாட்டின் பகுதியாகப் புலப்படுகிறது. நாகர்கோவில் வண்டியில் அடுத்த முறை செல்லும் மாணவர் குழு நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்கு இக்காரணம் ஒன்றே போதும்.